சித்திரை வெயிலில் உழவர் சந்தைக் காய்கள்: எதை எடுப்பது, எப்படிச் சமைப்பது?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை அண்ணாநகர் உழவர் சந்தைக்கு நடந்து போகிற தூரத்துக்கு வீடு மாறியிருக்கிறோம். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த உழவர் சந்தை இதுதான் என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள். இத்தனை நாள் ஏசி கடையில் பாக்கெட்டில் கட்டி வைத்த கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் என்று வாங்கியே பழகிவிட்டது. இங்கே வந்து பார்த்தால் எங்கே திரும்பினாலும் புடலை, சுரை, பீர்க்கு, வெள்ளரி, முருங்கை, கொத்தவரை, கத்தரி. மலைக் காய்கள் ஒரு ஓரமாகத்தான் இருக்கின்றன, விலையும் கூட.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். இந்த வெயிலில் எந்தக் காய் உண்மையிலேயே நன்றாக இருக்கும்? பிஞ்சா முற்றலா என்று எப்படிப் பார்ப்பது? மூன்றாவது, புடலங்காய் சுரைக்காய் என்றாலே பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள், அதற்கு என்ன செய்வது? அப்புறம் இன்னொன்று. சந்தையில் ஒருவர் வெண்டைக்காய் நுனியை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், காய்க்காரம்மா சத்தம் போட்டுவிட்டார். ஒடித்துப் பார்க்கலாமா, கூடாதா?

தோட்டத்துக்காரன்:

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத் தோட்டம், முருங்கையும் கொடிக்காயும் போடுகிறோம், அதனால் விற்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் பட்டத்தில், அதாவது விதைக்கிற பருவத்தில் இருக்கிறது. தை, மாசியில் விதை ஊன்றுகிற புடலை, பீர்க்கு, பாகல், சுரை எல்லாம் பங்குனிக் கடைசியில் இருந்து வைகாசி வரைக்கும் பந்தலில் தொங்கும். முருங்கை வரத்தும் இப்போதுதான் கூடும். அவரை பனிக்காலத்துக் காய், இப்போது தேடிப்பிடித்து வாங்கினாலும் அந்த ருசி இருக்காது. தக்காளிக்கு 35 டிகிரிக்கு மேல் போனால் பூ கொட்டும், பிஞ்சு பிடிக்காது, அதனால் கோடையில் அதன் விலை தாறுமாறாக ஏறும், பழமும் சிறுத்துப் போகும். ஆகவே சந்தையில் எது குவிந்து கிடக்கிறதோ அதை எடுங்கள். குவிந்து கிடக்கிறது என்றால் இந்த வெயிலைத் தாங்கி அது காய்க்கிறது, பக்கத்து ஊரில் இருந்து வந்திருக்கிறது, நேற்று மாலையோ இன்று விடிகாலையிலோ பறித்தது என்று அர்த்தம்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒடிக்காதீர்கள். தயவுசெய்து ஒடிக்காதீர்கள். நுனி ஒடிந்த வெண்டைக்காய் இரண்டு மணி நேரத்தில் அந்த இடம் கறுத்து, அடுத்த ஆள் தொடமாட்டார். நீங்கள் அரை கிலோ எடுக்க இன்னொரு அரை கிலோவை ஒடித்துப் போட்டுவிட்டுப் போனால் அது அப்படியே மாட்டுக்குத்தான். சுரைக்காயில் நகத்தை வைத்து அழுத்துவதும் அப்படியே. அந்த நகக்குறி வழியாகத்தான் மறுநாள் அழுகல் தொடங்கும். இரவு ஒரு மணிக்கு எழுந்து டார்ச் வெளிச்சத்தில் பறித்து, வண்டி பிடித்து வந்து உட்கார்ந்திருக்கிறவரின் வயிற்றில் அடிக்கிற காரியம் அது.

கொங்குவெயில்:

அண்ணே, நீங்கள் சொல்கிற வலி புரிகிறது. ஆனால் வாங்குகிறவர் நிலைமையையும் பாருங்கள். கால் கிலோ வெண்டைக்காய் வாங்கி வீட்டுக்குப் போய் நறுக்கினால் பாதி நார், கத்தி இறங்கமாட்டேன் என்கிறது. மறுநாள் போய்க் கேட்டால் "நீங்கள்தானே பொறுக்கி எடுத்தீர்கள்" என்கிறார்கள். ஒடித்துப் பார்க்காமல் வேறு எப்படித்தான் தெரியும்? கோயம்புத்தூரில் எங்கள் அம்மா காலத்தில் இருந்து இப்படித்தான் பார்க்கிறோம், இது ஒன்றும் புதிதாக வந்த பழக்கம் இல்லை.

தோட்டத்துக்காரன்:

தம்பி, தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, சொல்கிறேன். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்போம். கோடையில் பறிப்பு ஒரு நாள் தள்ளிப் போனாலே நார் விழுந்துவிடும், ஆள் கிடைக்காமல் அப்படித் தள்ளிப்போவது உண்டு. அந்தக் காய் எப்படி இருக்கும் தெரியுமா? மற்றதைவிட ஒரு சுற்றுப் பெருத்து, வெளிறி, வரிவரியாக முகடு எழும்பி, கையில் எடுத்தால் கட்டையாக இருக்கும். பிஞ்சு சுண்டுவிரல் கனத்தில், மேலே லேசான சுணையோடு, நடுவில் பிடித்து மெதுவாக வளைத்தால் வளைந்து கொடுக்கும். வளைத்துப் பார்ப்பதில் காய்க்குக் கெடுதல் இல்லை. காம்பு வெட்டிய இடத்தைப் பாருங்கள், பச்சையாக ஈரமாக இருந்தால் அன்றைய பறிப்பு, பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் இரண்டு மூன்று நாள் ஆனது. நீளமான காயாகப் பொறுக்காதீர்கள், அங்கேதான் ஏமாறுகிறோம்.

சுரைக்காய்க்கு நகம் வேண்டாம், உள்ளங்கை போதும். பிஞ்சுச் சுரையின் தோலில் மெல்லிய பூனைமுடி மாதிரி சுணை இருக்கும், தடவினால் தெரியும். முற்றிய காய் வழவழப்பாகிப் பளபளக்கும், தட்டினால் டொக் டொக் என்று கேட்கும். பீர்க்கங்காயில் அந்த முகடு விறைப்பாக இருக்க வேண்டும், காய் அதன் அளவுக்கு மீறி லேசாக இருந்தால் உள்ளே கூடு கட்டிவிட்டது, உடம்பு தேய்க்கத்தான் ஆகும். புடலைக்கு மேலே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் படலம் இருந்தால் புதுசு. நேராகத் தொங்க வேண்டும் என்று பிஞ்சிலேயே நுனியில் சின்னக் கல்லைக் கட்டிவிடுவோம், கல் கட்டாத வளைந்த புடலையை யாரும் எடுப்பதில்லை. ருசியில் ஒரு வித்தியாசமும் கிடையாது, விலை மட்டும் குறைவாகக் கிடைக்கும், தைரியமாக எடுங்கள்.

ஆனால் வேறு மாதிரிக் கோணல் ஒன்று இருக்கிறது. பாகலிலோ பீர்க்கிலோ ஒரு பக்கம் மட்டும் சூம்பிப் போய், ஊசி குத்திய மாதிரிப் புள்ளியும் அதில் பிசின் காய்ந்த மாதிரிக் கறையும் இருந்தால் அது பழ ஈ குத்திய காய், உள்ளே புழு இருக்கும். அதைத் தள்ளிவிடுங்கள்.

மாடித்தோட்டம்:

சென்னையில் இருந்து எழுதுகிறேன். சுரைக்காய்ப் பேச்சு வந்ததால் ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். "கொஞ்சம்தானே கசக்கிறது, பருப்புப் போட்டால் சரியாகிவிடும்" என்று நினைக்காதீர்கள். வெள்ளரி, சுரை, பூசணி இனத்தில் குக்கர்பிட்டாசின் என்று ஒரு கசப்புப் பொருள் உண்டு, அது வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து வடக்கே சிலர் இறந்தே போனார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்காகவே நிபுணர் குழு அமைத்தது, அந்த அறிக்கை 2012ல் வெளிவந்தது. கசந்தால் தொடாதே என்பதுதான் அதன் முக்கியமான அறிவுரை. இதற்கு மாற்றுமருந்து கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர், தயவுசெய்து ருசி பார்க்காமல் மிக்ஸியில் போடாதீர்கள்.

வெள்ளரியில் கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும் இருக்கும். வெயிலில் தண்ணீர் பற்றாமல் வளர்ந்த கொடியில் கசப்பு கூடும், என் மாடித் தொட்டியில் ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன். காம்புப் பக்கம் இரண்டு விரற்கடை தாராளமாக வெட்டிப் போட்டு, தோலைச் சீவி, ருசி பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுப்பதை நானும் செய்கிறேன், ஆனால் காப்பாற்றுவது அந்த வெட்டுத்தான். உள்ளுக்குள்ளும் கசந்தால் அதுவும் குப்பைக்குத்தான்.

வைகைக்கரை:

இது எனக்கு அடியோடு தெரியாத விஷயம், மாமியாருக்குச் சர்க்கரை, அவர்களும் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறவர்கள்தான், இன்றைக்கே சொல்லிவிட்டேன். நன்றி.

கத்தரிக்காய் பற்றி யாராவது சொல்லுங்கள். சந்தையில் ஊதா, பச்சை, வெள்ளை, வரிப்போட்டது என்று ஏழெட்டு வகை கிடக்கிறது.

நெல்லைச்சீமை:

நான் வருகிறேன். கத்தரியில் நிறத்தைவிடக் காம்பைப் பாருங்கள். காம்பும் தொப்பியும் பச்சையாக, காயோடு ஒட்டி, முள் விறைப்பாக இருந்தால் புதுசு. தோல் மினுமினுப்பாக இருக்க வேண்டும், விரலால் லேசாகத் தொட்டால் குழி விழுந்து திரும்ப எழ வேண்டும். மினுக்கம் போய் மங்கிய காயில் விதை கறுத்திருக்கும், காறும். ஒரே அளவில் இரண்டை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தால் கனம் குறைவானதில் விதை அதிகம் இல்லை என்று எங்கள் ஊரில் பார்ப்போம். ஓட்டை இருக்கிற காயை "புழுவை வெட்டிப் போட்டால் போச்சு" என்று எடுக்கிறவர்கள் உண்டு. அண்ணன் திருத்தலாம், ஆனால் எனக்குத் தெரிந்தவரை அந்த ஓட்டை புழு வெளியே வந்த வழி, அது வருவதற்குள் உள்ளே எல்லாம் தின்று முடித்திருக்கும்.

பொதுவாகச் சின்னக் காய் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு, நீளக் காய் சாம்பாருக்கும் பொரியலுக்கும், பெரிய உருண்டை சுட்டுப் பிசைய. வேலூர்ப் பக்கம் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கிடைத்தால் விடாதீர்கள், எண்ணெயில் வதக்கினால் குழையாமல் வெண்ணெயாக நிற்கும்.

சரி, பிள்ளைகள் தட்டைத் தள்ளுகிற விஷயம். கோடையில் எங்கள் வீட்டில் வாரம் ஒரு தரமாவது கூட்டாஞ்சோறு. அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேகும்போதே, முதலில் முருங்கைக்காய், வாழைக்காய், கொத்தவரை, அரைவேக்காட்டில் கத்தரி, கடைசியில் மாங்காய்த் துண்டும் ஒரு கை முருங்கைக் கீரையும். தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், மஞ்சள் வைத்துக் கொரகொரப்பாக அரைத்து, கொஞ்சம் புளித்தண்ணீரோடு ஊற்றிக் கிளறி, வடகம் பொரித்துக் கொட்டி, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். மாங்காய் போட்டால் புளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டியில் ஐந்தாறு காய் உள்ளே போய்விடும், எதையும் பொறுக்கித் தள்ள முடியாது. அப்பளம் பொரித்து வைத்தால் என் தங்கை பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

கொடிக்காய்களில் நிறையப் பேர் தவறவிடுவது உப்பும் தண்ணீரும். சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளைப்பூசணி எல்லாமே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். அதில் போய் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வேகவைத்தால் சொதசொதவென்று ருசியே இல்லாமல்தான் வரும், பிறகு பிள்ளைகள் எப்படித் தொடும்? கடுகு தாளித்து, காயைப் போட்டு, மூடி, சின்னத் தீயில் விடுங்கள், அதன் தண்ணீரிலேயே வேகும். பீர்க்கங்காய் சட்டி நிறையப் போட்டால் வெந்ததும் கால் சட்டியாக அடங்கும், அதனால் உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், முதலிலேயே கண்ணளவில் போட்டால் கரித்துவிடும். ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, இறக்கும்போது தேங்காய்ப்பூ. மசாலாப் பொடி எதுவும் வேண்டாம். பீர்க்கங்காய் நன்றாக இருந்தால் தானாகவே இனிக்கும், அதன் மேல் சாம்பார்ப் பொடியைக் கொட்டினால் சாம்பார்ப் பொடிதான் ருசிக்கும்.

சீவிய பீர்க்கந்தோலைப் போடாதீர்கள். நல்லெண்ணெயில் பச்சை வாசம் போக வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய் வற்றல், கொஞ்சம் புளி, தேங்காய் வைத்து அம்மியில் இழுத்தால் துவையல். சூடான சோறும் இந்தத் துவையலும் போதும், அன்றைக்குக் குழம்பே வைக்க வேண்டாம்.

கொங்குவெயில்:

கத்தரி பற்றிச் சொன்னதால் எங்கள் பக்கத்துக் கடைசலையும் எழுதுகிறேன். பச்சைக் கத்தரிக்காய் பிஞ்சாக அரைக் கிலோ, சின்ன வெங்காயம் ஒரு கை, இரண்டு தக்காளி, நாலைந்து பச்சை மிளகாய், ஒரு கரண்டி கொத்தமல்லி விதை, எல்லாவற்றையும் மண்சட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர் வைத்து வேகவிட்டு, தண்ணீர் வற்றியதும் உப்புப் போட்டு மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி ஆகிவிடும், மத்துத்தான். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. சோற்றுக்கும் ஆகும், களிக்கும் ஆகும். நறுக்கிய கத்தரியை உடனே தண்ணீரில் போட்டுவிடுங்கள், காற்றுப் பட்டால் கறுக்கும்.

வெண்டைக்காய் ஒடிக்கிற விஷயத்தில் அண்ணன் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு இல்லை, வளைத்துப் பார்ப்பது நல்ல வழி. ஆனால் விற்கிறவர்களும் ஒன்று செய்யலாம். நேற்று மீந்த காயை இன்றைய காயோடு கலக்காமல் தனியாகக் குவித்து விலை குறைத்துப் போடலாம். அப்படிப் போடுகிற ஒரு பெரியவர் எங்கள் பக்கத்துச் சந்தையில் இருக்கிறார், அவரிடம் யாரும் எதையும் ஒடிப்பதில்லை, சாம்பாருக்குப் பழசையும் பொரியலுக்குப் புதுசையும் நாங்களே கேட்டு வாங்குகிறோம்.

தோட்டத்துக்காரன்:

முழுக்கச் சரி. கலந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை மூடி மறைக்க மாட்டேன். உழவர் சந்தையில் அடையாள அட்டை வாங்கின விவசாயிதான் உட்கார வேண்டும், கடை வாடகை கிடையாது, தராசு அவர்களே தருவார்கள், அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, கடை விலைக்குக் கீழே. ஆனால் கமிஷன் மண்டியில் எடுத்து வந்து உட்காருகிறவர்களும் இடையில் நுழைந்துவிடுகிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். ஒரே ஆளிடம் கேரட், முட்டைக்கோஸ், புடலை, முருங்கை, தக்காளி என்று பத்துப் பன்னிரண்டு வகை இருந்தால் அது ஒரு தோட்டத்து விளைச்சலாக இருக்க வழியில்லை. இரண்டு மூன்று வகை மட்டும், அளவு ஒழுங்கில்லாமல், மண் ஒட்டியிருந்தால் அவர் சொந்தக் காயோடு வந்தவர். "எப்போது பறித்தீர்கள், தண்ணீர் இருக்கிறதா, இன்னும் எத்தனை பறிப்பு வரும்?" என்று கேளுங்கள். விளைய வைத்தவர் நின்று நிதானமாகப் பதில் சொல்வார், அடுத்த வாரம் உங்களுக்கென்று பிஞ்சாக எடுத்தும் வைப்பார்.

நெல்லைச்சீமை அக்கா சொன்ன ஓட்டை விஷயம் உண்மை. காய்த்துளைப்பான் புழு பிஞ்சாக இருக்கும்போதே உள்ளே போய்விடும், போன வழி ஆறி மூடிக்கொள்ளும், நாம் பார்க்கிறது வெளியே வந்த துளை.

முருங்கையைப் பற்றி யாருமே பேசவில்லையே. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் இருந்து 1989ல் வந்த பி.கே.எம் 1 தான் இன்றைக்கு அரவக்குறிச்சியில் இருந்து எங்கள் பக்கம் வரைக்கும் பெரும்பாலும். விதை போட்டு ஆறு ஏழு மாதத்தில் காய்க்கும், காய் இரண்டு அடிக்கு மேல் நீளும். எடுக்கும்போது இரண்டு கையிலும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள், துணி மாதிரி வளைந்து கொடுத்தால் சதை இருக்கிறது. விதை இருக்கிற இடம் முண்டுமுண்டாகப் புடைத்திருந்தால் முற்றல். மெலிசாகக் குச்சியாக இருப்பதும் வேண்டாம், அதில் சதையே பிடித்திருக்காது, பாலும் இருக்காது. சமைக்கும்போது புளியை முதலிலேயே ஊற்றாதீர்கள், புளிப்பு சேர்ந்தால் காய் வேகத் தாமதமாகும். உப்பும் கொஞ்சம் தண்ணீரும் வைத்துக் காயை வேகவிட்டுப் பிறகு புளி. மாங்காய் போட்ட முருங்கைக்காய் சாம்பார் என்றாலும் அப்படித்தான், முருங்கை வெந்த பிறகு மாங்காய். சித்திரையில் இரண்டும் ஒரே நேரம் வருவது சாம்பாருக்காகத்தான் என்று எங்கள் அப்பத்தா சொல்லும்.

பனைநிழல்:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன், இந்த உரையாடலை ஆசையாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கும் இப்போது கிணற்று இறைப்புக் காலம்தான், இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் புடலங்காயும் கத்தரிக்காயும் பயத்தங்காயும் குவிந்து கிடக்குது. நீங்கள் எல்லோரும் புடலங்காய்க்குப் பருப்புப் போடுகிறீர்கள், நாங்கள் தேங்காய்ப் பாலில் பால்கறி வைப்போம். விதையை வழித்துப்போட்டுப் புடலங்காயை மெல்லிசாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்புப் போட்டு, இரண்டாம் பாலில் அவியவிட வேணும். அவிந்த பிறகு முதற்பால் விட்டு ஒரு கொதி வர இறக்கி, இறக்கின பிறகுதான் தேசிக்காய்ப் புளி, உங்கள் எலுமிச்சைதான். அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் பால் திரைஞ்சு போகும். உறைப்பு இல்லாதபடியால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள், சோற்றுக்கும் இடியப்பத்துக்கும் நல்ல சேர்த்தி. இதே பக்குவத்தில் வெண்டிக்காயும் முருங்கைக்காயும் வைக்கலாம்.

நெல்லைச்சீமை:

ஆகா, இதை நாளைக்கே செய்து பார்க்கிறேன். எங்கள் சொதிக்கு இது பக்கத்துச் சொந்தம்தான், சொதியிலும் பாலை மூன்றாகப் பிரித்துத்தான் ஊற்றுவோம், எலுமிச்சையும் இறக்கிய பிறகுதான்.

புடலையில் சிலருக்கு அந்த வாசம் பிடிக்காது. நறுக்கி, உப்புப் பிசிறிக் கொஞ்ச நேரம் வைத்து, ஒட்டப் பிழிந்துவிட்டுச் சமைத்தால் வாசம் மட்டுப்படும். வெண்டைக்காய்க்குக் கழுவித் துடைத்து ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே கத்தி வைக்க வேண்டும். அகலமான சட்டியில், மூடாமல், அடிக்கடி கிளறாமல் வதக்கி, ஒரு ஸ்பூன் புளித்தண்ணீரோ தயிரோ தெளித்தால் கொழகொழப்பு அறுந்துவிடும், உப்பு கடைசியில்.

வைகைக்கரை:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம் பாக்கி. ஒன்று, வாங்கி வந்த காய் ஃபிரிட்ஜில் வைத்தும் இரண்டு நாளில் சுருங்கிப் போகிறது, கத்தரிக்காய் உள்ளே பழுப்பாகிவிடுகிறது. இரண்டு, காயில் அடிக்கிற பூச்சிமருந்து. கழுவினால் போய்விடுமா? உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், புளித் தண்ணீர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மாடித்தோட்டம்:

கத்தரி, வெண்டை, வெள்ளரி இவற்றுக்கு ஃபிரிட்ஜின் குளிர் ஆகாது. வெப்பநாட்டுச் செடிகள், 10 டிகிரிக்குக் கீழே ஓரிரு நாளுக்கு மேல் இருந்தால் தோலில் குழி விழும், கத்தரிக்குள் விதை பழுப்பாகும், வெள்ளரி தண்ணீர் விட்டுக் கொழகொழக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் ஓடுகிறது. அதனால் இவற்றை ஒன்றிரண்டு நாளைக்கு மட்டும் வாங்கி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, வெயில் படாத மூலையில் தரையில் வையுங்கள். இடம் இருந்தால் ஒரு பெரிய மண்தொட்டியில் ஈர மணல் போட்டு அதன் மேல் சின்னப் பானையை வைத்து உள்ளே காயை வைக்கலாம், மணல் காயாமல் தண்ணீர் தெளித்தால் போதும். சென்னைப் புழுக்கத்தில் இது சுமாராகத்தான் வேலை செய்கிறது, மதுரையின் காய்ந்த வெயிலுக்கு நன்றாகவே குளிரும். கட்டாயம் ஃபிரிட்ஜ்தான் என்றால் மேல்தட்டு வேண்டாம், அடியில் இருக்கிற காய்ப் பெட்டியில், துணிப்பையில் போட்டு வையுங்கள். கேரட், பீன்ஸ், கீரைக்கு ஃபிரிட்ஜ் சரி. தக்காளி பழுத்து முடிகிற வரைக்கும் வெளியிலேயே இருக்கட்டும், குளிரில் அதன் மணம் போய்விடுகிறது.

தோட்டத்துக்காரன்:

மருந்துக் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். மேலே படிந்த மருந்தும் தூசியும் ஓடுகிற தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பெரிய அளவில் குறையும். உப்போ புளியோ போட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டுத் திரும்ப நல்ல தண்ணீரில் கழுவினால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் செடிக்குள் ஊடுருவிப் பாய்கிற மருந்து எந்தத் தண்ணீருக்கும் போகாது. அதற்கு ஒரே வழி, அடித்த பிறகு லேபிளில் போட்டிருக்கிற காத்திருப்பு நாள் வரைக்கும் பறிக்காமல் இருப்பது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிற வெண்டையிலும் கத்தரியிலும் அதைக் கடைப்பிடிக்க முடியாமல் பலர் திண்டாடுகிறார்கள், கடன் அழுத்துகிறது, காயைச் செடியிலேயே விட மனசு வருவதில்லை. இந்தக் குறையை நாங்கள் திருத்தத்தான் வேண்டும்.

வாங்குகிறவர்கள் செய்யக்கூடியது இருக்கிறது. மரத்து முருங்கை, கொல்லைப்புறச் சுண்டை, வேலியோரக் கோவை, கொத்தவரை இவற்றுக்கு ஒப்பிட்டால் மருந்துச் செலவு குறைவு, அவற்றை அடிக்கடி வாங்குங்கள். அப்புறம், ஒரு புள்ளிகூட இல்லாத, அச்சில் வார்த்த மாதிரிக் கத்தரிக்காயைத்தான் எடுப்பேன் என்று நிற்காதீர்கள். தோலில் ஒரு கீறல், லேசான தழும்பு இருந்தால் வெட்டிப் பாருங்கள், உள்ளே நன்றாகத்தான் இருக்கும். புள்ளியே இருக்கக் கூடாது என்று சந்தை கேட்பதால்தான் இன்னொரு தடவை ஸ்பிரேயரைத் தோளில் மாட்டுகிறோம்.

பனைநிழல்:

இந்தக் கடைசி வரி எங்கள் தோட்டக்காரருக்கும் அப்படியே பொருந்தும். எங்கட சந்தையிலும் மினுங்கிற கத்தரிக்காய்தான் முதலில் முடியுது.

கொங்குவெயில்:

கொத்தவரை என்றதும் வத்தல் ஞாபகம் வந்துவிட்டது. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கும், வத்தல் போட இதைவிட நல்ல வெயில் கிடையாது. கொத்தவரை விலை விழும்போது மூன்று நான்கு கிலோவாக எடுத்து, இரண்டு முனையும் கிள்ளி, உப்பு மஞ்சள் போட்ட கொதிநீரில் நிறம் மாறும் வரை மட்டும் வைத்து வடித்து, புளித்த மோரில் ஒரு இரவு ஊறவிடுங்கள். காலையில் எடுத்துப் பாயில் பரப்பி, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றிய பிறகு, ஒடித்தால் சத்தத்தோடு ஒடிகிற வரைக்கும் வெறும் வெயில். மழைக்காலத்தில் எண்ணெயில் பொரித்தால் தயிர்ச்சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். கத்தரியைத் துண்டு போட்டு இதே மாதிரி, மோர் இல்லாமல், உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டுக் காயவைத்தால் புளிக்குழம்புக்கு ஆகும். விலை கிடைக்காமல் காயைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிற படங்களைப் பேப்பரில் பார்க்கிறோமே, அந்த வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து கிலோ வாங்கி மாடியில் காயவைத்தால் எவ்வளவு நல்லது.

வைகைக்கரை:

வத்தல் போட மாடி இருக்கிறது, வெயிலுக்கும் இங்கே குறைவில்லை. அண்ணே, கொத்தவரை வத்தலுக்கு எப்படிப்பட்டதாக எடுக்க வேண்டும்? சந்தையில் அவ்வளவு மொத்தமாகக் கொடுப்பார்களா?

தோட்டத்துக்காரன்:

பொரியலுக்கு எடுக்கிற அதே பிஞ்சுதான். விதை புடைத்த காய் காய்ந்ததும் தோலும் விதையுமாகப் பிரிந்து, பொரித்தால் கல்லாகக் கடிக்கும். வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், நார் தொங்கக் கூடாது, ஆனால் ஒடித்துப் பார்க்கிற வேலையை விற்கிறவரையே இரண்டு காயில் செய்து காட்டச் சொல்லுங்கள். மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும் என்றால் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், ஒரே பருவமாகப் பறித்துத் தனிச் சாக்கில் கொண்டுவந்து கொடுப்பார். ஐந்தரை ஆறு மணிக்குள் போய்விடுங்கள், எட்டு மணிக்கு மேல் வெயிலில் கிடந்த கொத்தவரை வாடிவிடும், வாடியதை மோரில் போட்டால் சரியாக இழுக்காது.